மூன்று ஸ்விட்சுகளும் ஒரு கையெழுத்தும்

திருக்கோகர்ணம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு ஜஸ்டினுக்கு,

நானும் அத்தையும் சுகம். உங்கள் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். விக்ரம் அண்ணன் வியாழக்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனில் ஆரம்பித்தால் மறுபடி சண்டையில் முடியுமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. என் வேலை போகவில்லை.

மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களையும் கருவிகளையும் இணைக்க வாங்கப்போகும் நெட்வொர்க் ஸ்விட்சுகளில் மூன்று கம்பெனிப் பெட்டிகளைச் சோதித்து, எது சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது அல்லவா? அங்கே வரப்போகும் புது முறையில் எல்லா ஸ்விட்சுக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் உத்தரவு போடும். ஸ்கேன் படம் இந்த வழி, ஐ.சி.யூ. மானிட்டர் அந்த வழி என்று அது சொல்ல, ஸ்விட்ச் கேட்டு நடக்க வேண்டும். எங்கள் மேனேஜர் ஆத்மநாதன் சார் மனதில் முடிவு செய்திருந்தது மூன்றாவது பெட்டியை. அது இரண்டாயிரம் உத்தரவு வரை ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் போனால், 'ஏற்றிவிட்டேன்' என்று பதில் மட்டும் வரும். உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது. அனுப்பிய தகவல் பாதி வழியில் காணாமல் போகும்.

நான் கையெழுத்துப் போட மறுத்ததும் சார், "நாலாயிரம் தாங்கும்னு கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு, நீ என்னம்மா புதுசாச் சொல்றே" என்றார். அன்று மாலை நீங்களும், "எதுக்கு வம்பு, போட்டுட்டு வேலையைப் பாரு" என்றீர்கள். அதன்பிறகு பதினோரு நாள் நான் உங்களோடு பேசவில்லை. கோபம் மட்டுமில்லை ஜஸ்டின். நீங்கள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நேற்று அந்த மூன்றாவது பெட்டியின் கம்பெனியிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற எஞ்சினியர் வந்தார். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் தேவிப்ரியா முன்னால் மூன்றையும் முதலிலிருந்து சோதித்தோம். முதலில் வெளிப்பட்டது என் தப்புதான். இரண்டாவது பெட்டி மெதுவானது என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். வேறு கேபிள் செருகியதும் அது மற்ற இரண்டையும்விட வேகமாகப் போனது. பழுது என் கேபிளில். இது என் தவறு, அறிக்கையைத் திருத்துகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சார் பார்த்த பார்வை இருக்கிறதே! இனி நான் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு மூன்றாவது. சூர்யபிரகாஷ் என் கேபிளையோ புரோகிராமையோ தொடவில்லை. தான் கொண்டுவந்ததையே வைத்தார். இரண்டாயிரம் தாண்டியதும் அதே கதை. அழித்துவிட்டு மறுபடி மறுபடி செய்தார். கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு, "மேடம் சொல்றதுதாங்க சரி. ஆஸ்பத்திரிக்கு இதை வாங்காதீங்க" என்றார். தன் கம்பெனிப் பெட்டியைப் பற்றி! பாவம், அங்கே அவருக்கு என்ன பேச்சு காத்திருக்கிறதோ.

தன் தப்பையும் சேர்த்துச் சொல்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று டாக்டரம்மா சாரிடம் சொன்னார். இரண்டாவது பெட்டிக்கு ஆர்டர் போயிற்று. சாருக்கு மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை; டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அத்தையிடம் எல்லாம் சொன்னேன். "வேலை இருக்குல்ல? அப்ப சாப்புடு" என்றார். நாலு தோசை சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு பசித்தது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வேலை போனால் நீங்கள் அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கவேண்டிவரும் என்று பயந்திருக்கிறீர்கள். அது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

ஆண்டவர் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். டிசம்பருக்கு லீவு கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபோன் பண்ணுங்கள். முதல் மணியிலேயே எடுப்பேன்.

உங்கள்
அறிவுமதி