ஏசிக்குத் தைத்த உறை

21.4.2008, திங்கள்

ஏசியின் விசிறி இன்றும் நின்றுவிட்டது. போட்டால் அரைமணி நேரம் ஜோராக ஓடுகிறது. பிறகு முனகிக்கொண்டே நிற்கிறது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது. எங்கள் தையல் பிரிவிலும் இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். சூப்பர்வைசர் என்ற முறையில் அவர்களைத் திட்டலாம். ஏசியை என்ன செய்வது?

பழைய ஜன்னல் ஏசிதான். மகள் அபிராமி தலைப்பிரசவத்துக்கு வருகிறாளே என்று வாங்கினேன். பக்கத்து யூனிட்டிலிருந்து பஞ்சு பறந்து வருவதால், தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்குப் பனியன் துணியில் உறைகூடத் தைத்து மாட்டினேன். இரட்டைத் துணி, ஓரத்தில் எலாஸ்டிக். தையலில் யாரும் குறை சொல்ல முடியாது.

22.4

அபிராமி வெக்கை தாங்காமல் சமையலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். உடம்பைச் சூடு பண்ணவே கூடாது என்கிறார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணினார். "சனிக்கிழமை வர்றேன் மாமா. ரூம் குளிரலைன்னா அவளை இங்கயே கூட்டிட்டு வந்துடறேன். நம்ம வீட்டு ஏசி நல்லா ஓடுது." மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சங்கடம். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரி ராமுத்தாய் போனை வைக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. "மொதப் பிரசவத்துக்கு வந்த பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குப் போக?"

என்னைக் கேட்டால்? நான் என்ன விசிறியா, சுற்றுவதற்கு?

23.4

எண்ணெய் போட்டேன். கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் முதல் வைத்தியம் அதுதான். மூடியைக் கழற்றி, கைக்கு எட்டின இடத்திலெல்லாம் ஓவர்லாக் மிஷின் எண்ணெயை விட்டேன். அறை முழுக்க வாடை. அபிராமி வாந்தி எடுத்துவிட்டாள்.

"ஏம்ப்பா, இது பெட்ரூமா, ஒங்க கம்பெனியா?"

விசிறி வழக்கம்போல நின்றது.

24.4

ஒருவேளை கரண்டுதான் சரியில்லையோ? புது ஸ்டெபிலைசர் மாட்டினேன். நின்றது.

25.4, வெள்ளி

ஏசி மெக்கானிக் ஜமால் ஜும்மா தொழுகை முடித்து வந்தார். வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் நின்று ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே—

"ஏனுங்ணா, ஏசிக்குப் பனியன் போட்டு உட்டிருக்கீங்களே! அது எப்படீங்க மூச்சு உடும்?"

அறையின் சூட்டையெல்லாம் அது பின்பக்கமாகத்தான் வெளியே தள்ளுமாம். அந்த வழியை நானே எலாஸ்டிக் வைத்து அடைத்திருக்கிறேன். மோட்டார் கொதித்துத் தானாக நிற்பதும், ஆறினதும் ஓடுவதும் அதனால்தான். உறையை உருவினார். மேலே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. உள்ளே நான் விட்ட எண்ணெயைத் துடைத்து எடுப்பதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

"தையல் மட்டும் அருமைங்ணா" என்றார் ஜமால்.

ராமுத்தாய் சும்மா இருப்பாளா? "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஜட்டியும் தச்சிருப்பாக தம்பி."

அபிராமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது இன்றுதான்.

26.4, சனி

மாப்பிள்ளை வந்தார். மத்தியானம் முழுக்க அந்த அறையில்தான் இருந்தார். விசிறி நிற்கவில்லை. போர்வை கேட்டார். சாயங்காலம் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

14.5

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

நுழைந்ததும் ராமுத்தாய் செய்த முதல் காரியம், ஏசியின் பிளக்கைப் பிடுங்கியது. "பச்ச ஒடம்பு. இந்தக் காத்து ஆகவே ஆகாது." ஜன்னல் கதவையும் சாத்தினாள். நான் வாயைத் திறந்தால் உறைக் கதை வரும்.

மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் சட்டை நனைய உட்கார்ந்து குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாடியில் காற்று வரும் என்றேன். "இருக்கட்டும் மாமா" என்றார்.

பிறகு, எப்போது கூட்டிப்போகலாம் என்று ராமுத்தாயைக் கேட்டார்.

"பிள்ளைக்கு அஞ்சாம் மாசம் பொறக்கட்டும்" என்றாள்.

"சரிங்கத்தை" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.