துலுக்காணம் ஏன் பறக்கவில்லை

1969, ஜனவரி 6

பல நாள் யோசனைக்குப் பிறகு இன்று முடிவெடுத்துவிட்டேன். இனி திருத்தங்களைச் சிவப்பு மையில் செய்வதில்லை, பச்சை மையில்தான். திருவள்ளூர் அச்சகங்களின் வரலாற்றில் இதற்கு ஈடான மாற்றம் நடந்ததாகத் தெரியவில்லை. பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு உரியது என்று முதலாளி ராஜமாணிக்கம் எச்சரித்தார். 'மணிப்புறா' மாத இதழின் பொறுப்பாசிரியனும் ஒருவகையில் அதிகாரிதான் என்றேன்.

"அப்ப மைய நீயே வாங்கிக்கோய்யா பரசு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பச்சை மை முதலில் தொட்டது 'மாயக்காரன் துலுக்காணம்'. அடுத்த மாதம் தொடங்கும் தொடர்கதை. எழுதியவர் நாகமுத்து. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பம்; இவர் மட்டும் கும்மிடிப்பூண்டி மின்சார அலுவலகத்தில் லைன்மேன். முதல் அத்தியாயத்தில் மந்திரம் கற்றுக்கொடுத்த குரு இறந்துபோகிறார். சீடர்கள் ஏழு பேரும் கரையில் உட்கார்ந்து சீட்டுக் குலுக்குகிறார்கள். ஒன்றரைப் பக்கம் குலுக்குகிறார்கள். எதற்கென்று தெரிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பஞ்சாயத்துக் கூட்டத்தைப் படிக்க எவனும் பத்திரிகை வாங்குவதில்லை. மீதியைப் படிக்காமலே அடித்துவிட்டு, துலுக்காணம் ஏரிமேல் பறக்கும் இடத்தில் கதையைத் தொடங்கினேன். நல்ல வெட்டு.

பிப்ரவரி 11

நாகமுத்து பஸ் மாறி மாறி வந்து அடுத்த அத்தியாயத்தைக் கொடுத்தார். அச்சான முதல் அத்தியாயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷம் ஓடினால் புத்தகமாகப் போடுவோம் என்று முதலாளி சொன்னதும், கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். அவர்கள் குப்பத்தில் இதுவரை யார் பெயரும் அச்சில் வந்ததில்லையாம், வாக்காளர் பட்டியலைத் தவிர.

மார்ச் 4

மூன்றாம் அத்தியாயம். போன மாதம் ஏரியைப் பறந்து கடந்த துலுக்காணம், இந்த மாதம் புதுவாயல் கூட்டு ரோட்டில் அரை நாள் பஸ்ஸுக்கு நிற்கிறான். பிறகு தபாலாபீஸில் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். வெற்றிலையில் மை தடவி டில்லி வரை பார்த்தவனுக்கு டிரங்க் கால் எதற்கு? நாகமுத்துவிடமே கேட்டேன்.

"அன்னிக்கி அவன் மொற இல்லியே, சார்."

மந்திரத்துக்கும் ரேஷன் கடைபோல வரிசை உண்டா என்று கேட்டேன். எனக்கு என் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. அச்சுக்கோப்பவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

'சந்தேகி பக்கம்' தொடங்கினேன். சந்தேகி நான்தான். துலுக்காணத்தின் கதையில் எது எதோடு ஒட்டவில்லை என்று மாதாமாதம் விசாரணை. அந்த ரேஷன் கடைக் கேலியில் ஆரம்பித்தேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மே 19

கடிதங்கள் கோணியில் வருகின்றன. கடம்பத்தூரிலிருந்து, என் சொந்த ஊர்க்காரர் ஒருவர்: விரலைச் சொடுக்கி வெளிச்சம் வரவழைப்பவன், டார்ச் லைட்டில் பாட்டரி தீர்ந்ததற்கு ஏன் அழுகிறான்? நல்ல கேள்வி. சுவருக்குள் புகுந்து போகிறவன் டூரிங் கொட்டகையில் எதற்காக டிக்கெட் எடுத்தான் என்று இன்னொருவர். எல்லாவற்றையும் நாகமுத்துவிடம் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஜூன் 10

ஆமாம், அப்படித்தான் நினைத்திருக்கிறார். இந்த மாதம் துலுக்காணத்தால் பறக்க முடியவில்லை. ஊரெங்கும் மின்சாரக் கம்பி இழுத்துவிட்டார்களாம், தலையில் தட்டுகிறதாம். ஏரிக்கு மேலே கம்பி ஏது என்று சந்தேகி கேட்பான்.

ஜூலை 24

மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான். துலுக்காணம் இன்னும் பொன்னேரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. இதை அப்படியே சந்தேகி பக்கத்தில் போட்டேன். இந்த வருஷத்தில் நான் எழுதியதிலேயே அதிகம் பேசப்பட்ட வரி இதுதான்.

செப்டம்பர் 8

துலுக்காணம் மாதம் ஒரு சக்தியை இழக்கிறான். பறப்பது போயிற்று, மை போயிற்று, சுவர் போயிற்று. மிச்சமிருப்பது பூனையோடு பேசுவது. பூனை பதில் சொல்வதில்லை. ஆகவே முரண் இல்லை.

நாகமுத்து இளைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தையும் நாலைந்து தடவை திரும்ப எழுதுகிறாராம். "இப்ப கரெக்டா இருக்குதா, சார்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். இருக்கிறது என்றேன். உண்மைதான், சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3

டிசம்பர் இதழுக்கான கடைசி அத்தியாயம் வந்தது. துலுக்காணம் பூனையையும் விட்டுவிட்டு மின்சார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். கம்பத்தில் ஏறி ஃபியூஸ் போடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். முற்றும்.

ஒரு இடத்தில்கூடப் பச்சை மை வைக்க வழியில்லை. இதற்காகத்தானே இத்தனை மாதம் பாடுபட்டேன்? பிறகு ஏன் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை?

புத்தகப் பேச்சை எடுத்தேன். "கரண்டு ஆபீசுக்குப் போறவன் கதைய எவன்யா டப்பு குடுத்து வாங்குவான்?" என்றார் முதலாளி. நாகமுத்துவுக்கு ஒரு கார்டு போட்டேன்.

நவம்பர் 23

கார்டுக்குப் பதில் வரவில்லை; நாகமுத்து தன் பிரதிகளை வாங்கவும் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ஏரி நிறைந்து, கரையோரத்திலேயே இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் குப்பத்துப் படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. நாகமுத்துவின் அக்கா கோவிந்தம்மா வலையை உதறிக்கொண்டிருந்தார். தூரத்தில் வேறு குப்பத்துப் படகுகள் இரண்டு மட்டும் வலை வீசிக்கொண்டிருந்தன.

வலை இருக்கிறது, படகு இருக்கிறது, இறால் காலடியில் துள்ளுகிறது. ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன்.

"இன்னிக்கி எங்க பாடு இல்ல நைனா. அவுங்க பாடு."

பாடு என்றால் முறை நாள். எந்தக் குப்பம் எந்த நாள் இறங்கலாம் என்று கரையில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். முறை இல்லாத நாளில் எப்பேர்ப்பட்ட வலைக்காரனும் கரையில்தான்.

ஏழு சீடர்கள். ஒரு குருவின் மந்திரம். கரையில் சீட்டு.

கையில் இருந்த கட்டு கனத்தது. நாகமுத்து வெளியே வந்தார். அந்த ஒன்றரைப் பக்கத்தை அடித்தபோது ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், அத போயி எதுக்குச் சொல்லணும்னு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன், சார். அப்புறம் மொற இல்லன்னு சொன்னப்ப சிரிச்சீங்க. சரி, வேற இன்னாவோ தப்பு இருக்குதுன்னு மாத்திக்கினே போனேன்."

கதையை மாதாமாதம் குப்பமே கூடி வாசிக்கச் சொல்லிக் கேட்டதாம். துலுக்காணம் புதுவாயலில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். பாவம், அவன் பாடு இல்லை, என்ன செய்வான் என்றிருக்கிறார்கள். அனுப்புமுன் படித்துக் காட்டிய கடைசி அத்தியாயம்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"இன்னா நைனா, உங்க பக்கம் மொறைன்னு ஒண்ணு கெடையாதா? யாரு வேணா எப்ப வேணா எறங்கிக்கலாமா?" கோவிந்தம்மா குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கிடையாது என்று சொல்ல முடியவில்லை. கடம்பத்தூரில் எங்கள் கழனிக்கு ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. அடுத்தவன் முறையில் மடை திறந்த சித்தப்பாவோடு அப்பா சாகும்வரை பேசவில்லை.

குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். இறால் இல்லை, கருவாடு. சாப்பிட்டேன்.

நவம்பர் 24

இன்னா படிச்சு இன்னா கிழிச்சேன்? ஒன்றரைப் பக்கம். உட்கார்ந்து படிச்சிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரம். ஊரையே கூட்டிவச்சு ஒரு வருஷமா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அதுலயே இருந்திருக்குது — நான்தான் அடிச்சேன் — அடிச்சிட்டு, ஏன் இல்ல, ஏன் இல்லன்னு நானே கேட்டுக்கினு இருந்தேன்.

அந்தக் கைப்பிரதியைத் தேடினேன். அச்சானதும் பழைய தாள்களை மண்ணெண்ணெயில் நனைத்து ஈய அச்செழுத்துகளைத் துடைப்பதுதான் இங்கே வழக்கம். அதையும் அப்படித்தான் துடைத்திருக்கிறார்கள். எழுத்துகள் பளிச்சென்று இருக்கின்றன.

முதலாளியிடம் பேசினேன். அந்தப் பகுதியைச் சேர்த்து, துலுக்காணம் துலுக்காணமாகவே இருக்கிற மாதிரி முதலிலிருந்து எழுதிக் கொடுத்தால், கோடையில் புத்தகமாகப் போடலாம் என்றார். அரை மனசுதான். அது போதும்.

டிசம்பர் 9

கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். நாகமுத்து கம்பத்தின் மேல் இருந்தார். இறங்கும்வரை கீழே நின்றேன். முழுவதையும் திரும்ப எழுதித் தரவேண்டும், ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன், பச்சை மைப் புட்டியை வேண்டுமானால் அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுத உக்காந்து பார்த்தேன், சார். அவன் ஒரு அடி வெச்சா, இது எப்பிடின்னு நானே கேக்கறேன். அடுத்த அடி வெக்க மாட்டேங்கறான்." பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். இவ்வளவு நாளில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "வேலைல சேந்துட்டான், சார். லீவு குடுக்க மாட்டாங்க."

எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார்.

டிசம்பர் 30

முதலாளியிடம் புத்தகம் இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். துலுக்காணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். ஜனவரி இதழில் அந்த நாலு பக்கத்துக்கு என்ன போடுவது என்றார்.

1970, ஜனவரி 19

ஜனவரி இதழ் வந்து இரண்டு வாரமாகிறது. துலுக்காணம் வந்த பக்கங்களில் அரக்கோணம் மார்க்க ரயில் நேரமும், கும்மிடிப்பூண்டி, புதுவாயல், பொன்னேரி பஸ் நேரமும் போட்டோம். சந்தேகி பக்கத்துக்கு இந்த மாதம் கடிதம் எதுவும் வரவில்லை.