ரேடியேட்டருக்குப் பச்சையா, சிவப்பா?

ஏனுங்க,

நான் பஸ்ஸிலேயே பொள்ளாச்சி போகிறேன். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நம்ம பழைய காரில்தான் வருவோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கார் தயார்தான். ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றுவதா சிவப்பு ஊற்றுவதா என்று நீங்கள்தான் இன்னும் தயாராகவில்லை. பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் பச்சைதான் என்கிறார் மெக்கானிக். சிவப்புதான் வருடக்கணக்கில் தாங்கும் என்கிறது யூடியூப். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபி ஆறுவதற்குள் சரி சொன்னவர் நீங்கள்.

சாதம் குக்கரில் இருக்கிறது. புளிக்குழம்பை மூடி வைத்திருக்கிறேன். தேங்காய் போட ஆள் வந்தால் தோட்டத்து கேட் சாவி ஆணியில் தொங்குகிறது. கூலன்ட் பாட்டில் இரண்டையும் சாப்பாட்டு மேசையிலிருந்து ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன். சர்பத் என்று யாராவது குடித்துத் தொலைக்கப் போகிறார்கள்.

நம் கல்யாணத்தன்று இதே காரில் உங்கள் அப்பா வாய்க்கால் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தார். மீனாட்சிபுரத்தில் கொதித்து நின்றுவிட்டது. அது ஆறும்வரை வேறு வழியில்லாமல் என்னிடம் முதல் வார்த்தை பேசினீர்கள்: "ஏம்புள்ள, பசிக்குதா?" இப்போது நீங்கள் பேசுவதெல்லாம் காரோடுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக வாருங்கள். எந்த நிறம் ஊற்றினாலும் சரி.

கோகிலவாணி

மறந்துவிட்டேன். முறுக்கு டப்பா காரின் பின்சீட்டில் இருக்கிறது. நீங்கள் திறக்க வேண்டாம். திரும்பி வரும்போது வண்டி கொதிக்காவிட்டாலும் மீனாட்சிபுரத்தில் நிறுத்துங்கள். எனக்கு அங்கே பசிக்கும்.