கேட்காமலே வரும் தட்டு

ஓசூர்
12.6.2024

அன்பு மாமாவுக்கு,

வசந்தாமணி எழுதுவது. போனில் நான் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்கு இரைச்சலாகத்தான் கேட்கிறது என்று தெரியும். தறிச் சத்தம் தின்ற காது, என்ன செய்வது. அதனால்தான் கடிதம்.

மகள் நித்யஸ்ரீ நலம். பேரன் ஆளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவளுக்குப் பிரசவ லீவு முடிந்துவிட்டது. குழந்தையை விட்டு நான் அசைய முடியாது.

சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். காலையில் ராகிக் கூழ், மத்தியானம் கொஞ்சம் சோறும் நிறையக் காயும். கால் விரல் புண்ணில் ஈரம் படக் கூடாது. கல்யாணமான நாள் முதல் நான் போட்டதைச் சாப்பிட்டீர்கள். இப்போது நீங்களேதான் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்குப் பயம்.

உங்கள்
வசந்தாமணி


குமாரபாளையம்
20.6.2024

அன்புள்ள வசந்தா,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடிதான் நடக்கிறது. இன்றைக்குக்கூட ராகிக் களியும் கீரையும்தான். புண் காய்ந்துகொண்டு வருகிறது. நீ கவலைப்படாமல் இரு. பேரன் சாமியைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு.

வெள்ளியங்கிரி


ஓசூர்
3.8.2024

மாமாவுக்கு,

பக்கத்து வீட்டு சௌந்திரம் போன் செய்தாள். “ஏனக்கா, அண்ணன் தெனமும் பாலத்துக்கிட்ட சின்னண்ணன் மெஸ்ஸுலதான் புரோட்டா திங்கறாரு. உங்க ஊட்டுல அடுப்பே பத்தறதில்லீங்க்கா. காலை இழுத்து இழுத்து நடக்கறாரு, பாக்கவே சங்கடமா இருக்குது” என்றாள்.

களி, கீரை என்று ஏன் எழுதினீர்கள்? நாக்கை அடக்க முடியாதா? உங்களுக்குப் பேரனை விடப் புரோட்டா பெரிதா?

வசந்தாமணி


குமாரபாளையம்
11.8.2024

அன்புள்ள வசந்தா,

பொய் எழுதியது உண்மை. முதலில் களி கிண்டிப் பார்த்தேன். கட்டி கட்டியாக வந்தது, வாயில் வைக்க முடியவில்லை. அப்புறம்தான் மெஸ்ஸுக்குப் போனேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று பரிமாறுகிறவர் வரிசையாகச் சொல்வார். எனக்கு அவர் வாய் அசைவதுதான் தெரியும். “என்னங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லில் புரோட்டா வெந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கை காட்டினேன். மறுநாளும் அதையே காட்டினேன். இப்போது நான் போய் உட்கார்ந்தால் போதும், கேட்காமலே தட்டு வந்துவிடுகிறது.

ஆசைப்பட்டுத் தின்கிறேன் என்று நினைக்காதே. ருசிகூட எனக்கு இப்போது தெரிவதில்லை. இன்றைக்கு இட்லி சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். உட்கார்ந்ததும் தட்டு வந்துவிடுகிறது. அதை வேண்டாமென்று சொன்னால் அவர்கள் ஏதாவது கேட்பார்கள். நான் மறுபடியும் “என்னங்க?” என்று விழிக்க வேண்டும்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளியங்கிரி


ஓசூர்
19.8.2024

மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். அப்புறம் மெஸ்காரர் சின்னண்ணனைப் போனில் பிடித்துத் திட்டினேன். அவர், “அக்கா, நானும் ஒருக்கா இட்லி வெச்சுப் பாத்தேனுங்க. தொடாம அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாருங்க. வயசான மனுசன், பசியோட போறாரேன்னு அடுத்த நாள் பழையபடி புரோட்டாவே வெச்சுட்டேன்” என்கிறார். அவரை நான் என்ன சொல்வது?

இங்கே வந்துவிடுங்கள். நான் பொங்கிப் போடுகிறேன்.

வசந்தாமணி


ஈரோடு
27.11.2024

அன்புள்ள வசந்தா,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். விரலை மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாமிக்குக் காய்ச்சல் என்று நித்யஸ்ரீ காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அதனால்தான் நீ வரவில்லை என்று புரிந்துகொண்டேன். வருத்தமில்லை.

ஓசூருக்கு வரச் சொன்னாய். மூன்றாவது மாடி, தெரியாத ஊர், ஒருவர் பேசுவதும் காதில் விழாது. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? குமாரபாளையத்திலேயே இருந்துகொள்கிறேன்.

வெள்ளியங்கிரி


ஓசூர்
16.2.2025

அன்பு மாமாவுக்கு,

குமாரபாளையத்திலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேரனுக்கு என் முகம் மறக்கவில்லை.

உங்களோடு இருந்த நாட்களில் களியும் அவரைக்காய்க் குழம்பும் செய்து போட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். யார் வாங்கிக் கொடுத்தார்களோ, கட்டிலில் உட்கார்ந்து மெஸ் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வந்தது உங்களுக்குக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றேன்.

நான் பரிமாறும்போது நீங்கள் தட்டைப் பார்ப்பதே இல்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறாளோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு யார் வாயையும் பார்க்காமல் மெதுவாகச் சாப்பிட்டீர்கள். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தபோது பொட்டலத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மிச்சமிருக்கிற காலிலும் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். என்னை விட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

இனிமேல் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று நான் எழுத மாட்டேன். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

சின்னண்ணனிடம் பேசினேன். வீட்டுக்கே தினமும் புரோட்டா கொடுத்துவிடச் சொன்னேன். ஆறிப்போவதற்குள் கொடுத்துவிடச் சொன்னேன். தாளை ஒளிக்க வேண்டாம்.

வசந்தாமணி