பத்தொன்பதாம் ஃபாரம்

ஜூன் 3, செவ்வாய்

ஒரு சொல் மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. இன்று முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

பைண்டிங் பட்டறையில் இப்போது ஆங்கிலம்–தமிழ் அகராதி ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கானது, இரண்டாயிரம் பிரதி. அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். என் மேசைக்கு வந்தது பத்தொன்பதாம் ஃபாரம். மற்ற சொற்களெல்லாம் இரண்டு வரி, மூன்று வரியில் ஒதுங்கிக்கொள்கின்றன. இது ஒன்று மட்டும் ஒரு பத்தி முழுக்க ஓடி, அடுத்த பத்தியிலும் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

லீவ்.

இதற்கு என்ன இவ்வளவு? லீவு என்றால் லீவு.

ஜூன் 4, புதன்

மூன்றாவது மடிப்பில்தான் அந்தப் பக்கம் மேலே வரும். மடிப்பைப் பட்டையால் அழுத்துகிற நேரத்துக்குள் ஒரு வரி படிக்கலாம். அதற்குள் கை அடுத்த தாளுக்குப் போய்விடும். ஒரு தாளுக்கு ஒரு பொருள் என்று நாள் முழுக்கப் படித்தேன்.

புறப்படு. நீங்கிச் செல். கைவிடு. மறந்து வைத்துவிட்டு வா. மிச்சம் வை. அப்படியே இருக்க விடு. பிறர் பொறுப்பில் விடு. இறந்தபின் ஒருவருக்குச் சேரும்படி வை. விடுப்பு. அனுமதி. கீழே பொடி எழுத்தில் இதன் சொந்தக்காரர்கள் – டிபார்ட், க்விட், அபாண்டன்.

கட்டிங் மிஷின் அண்ணன் பார்த்துவிட்டார். "என்ன சைலண்டு, உதடெல்லாம் அசையுது? பேச்சு வந்துருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டே படித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

பள்ளியில் எனக்கும் இந்தச் சொல்லுக்கும் இருந்த பழக்கம் லீவு லெட்டர் மட்டும்தான். கடைசியாக எழுதியது ஒன்பதாம் வகுப்பில். அம்மா படியில் வழுக்கி விழுந்து கை உடைந்திருந்தது. "பத்து நாள் போதும்டி, அப்புறம் நீ பாட்டுக்குப் போ" என்றாள். பத்து நாள் என்றுதான் எழுதினேன். இரண்டு வருடம் ஆகிறது. அந்த லீவு இன்னும் முடியவில்லை. பள்ளியிலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை.

சாயங்காலம் பத்தொன்பதாம் ஃபாரத்தில் ஒரு தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கிழிந்தால், மை இழுவினால் மாற்றுவதற்கு என்று ஒவ்வொரு ஃபாரத்துக்கும் நூறு தாள் கூடுதலாக வரும். மிஞ்சுவது எப்படியும் கழிவு மூட்டைக்குத்தான் போகும். அதில் ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன?

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட். அறையில் நானும், சுவருக்கு அந்தப் பக்கத்து டிவியும். தாளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் என்னிடமிருந்து ஓர் உதாரணம் பென்சிலால் எழுதினேன்.

மறந்து வைத்துவிட்டு வா – பஸ்ஸில் என் குடை.
மிச்சம் வை – அம்மா, எனக்காக, தினமும்.
விடுப்பு – ஒன்பதாம் வகுப்பில், பத்து நாள்.

அப்பாவை எங்கே போடுவது என்று தெரியவில்லை. முதலில் 'புறப்படு' பக்கத்தில் எழுதினேன். காலையில் வேலைக்கென்று புறப்பட்டவர்தானே. அப்புறம் 'கைவிடு'. ஆறு வருடம் ஆகிறதே. அம்மா பக்கத்து வீட்டில் இன்னும், "அவரு வெளியூர்ல வேலையா இருக்காரு" என்றுதான் சொல்கிறாள். அப்படிப் பார்த்தால் நீங்கிச் செல்? மூன்று இடத்திலும் எழுதி வைத்தேன்.

அம்மா வந்ததும் கேட்டாள். "என்னடி இது, பட்டறையைப் பெருக்கி வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?"

"வேஸ்ட்டும்மா."

குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் என் தமிழ் எழுத்து தெரியும். போய் முகம் கழுவினாள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதியது – இல்லை, முந்தாநாள் – அது முழுக்கச் சரியில்லை. செக்கிங் அக்கா கவனிக்கிறாள். மதியம் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஏண்டி, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? உதிர்ந்தா நான் பொறுக்கிக்கறேன், பேசு."

சிரித்தேன். அதுவே போதும் என்பதுபோல் அவள் தன் மாமியார் கதையைத் தொடர்ந்தாள். அவள் பேச, நான் தலையாட்ட, அரை மணி நேரம் போய்விடும். நாளில் அந்த அரை மணிதான் எனக்கு நீளம் பத்தாது.

இன்று அடுக்குகிற வேலை. நீள மேசையில் முப்பத்தைந்து ஃபாரமும் வரிசையாக இருக்கும். சுற்றி நடந்து ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்தால் ஒரு புத்தகம். ஃபாரத்தின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. ஒழுங்காக அடுக்கினால் கோடுகள் படிக்கட்டுபோல் இறங்கும். ஒரு படி இல்லையென்றால் ஒரு ஃபாரம் இல்லை. அதைப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை.

ஜூன் 19, வியாழன்

அனுப்பியதில் ஒரு பிரதி திரும்பி வந்துவிட்டது. பக்கம் 288க்கு அடுத்து 305. பத்தொன்பதாம் ஃபாரம் இல்லை.

முதலாளி பட்டறை நடுவில் நின்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். "படி ஒண்ணு இல்லன்னா குருடனுக்கும் கால் தட்டும். உனக்குக் கண்ணுல படலியா?"

அக்கா அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "பாத்தேங்க. எல்லாத்தையும் பாத்தேங்க."

"என்னத்தப் பாத்தே? அந்த ஃபாரத்துல மை இழுவி, கூட வந்த நூறும் கழிச்சாச்சு. மிச்சம் சரியா ரெண்டாயிரம், எண்ணி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒண்ணு எப்படிக் குறையும்? சனிக்கிழமையோட நின்னுக்க. செக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

கூடுதல் தாள் ஒன்றுமே மிஞ்சவில்லையாம்.

கை மடித்துக்கொண்டே இருந்தது. என்ன மடித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சொல்லியிருக்கலாம். இன்று காலை சொல்லியிருக்கலாம். மதியம், அவள் எதிரே உட்கார்ந்தபோது, நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அப்போதுகூடச் சொல்லவில்லையே.

அக்கா சாப்பிடாமல் உள்ளங்கையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். "கண்ணு போச்சு போலடி எனக்கு. கோடு இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணுவேன். இல்லாதது எப்படித் தெரிஞ்சுது?"

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! எதுக்குடி ஆட்டினே? ஆமா, உனக்குக் கண்ணு போச்சுன்னா?

கடைசிச் சுற்று அடுக்கியது நானாகவும் இருக்கலாம். பதினெட்டை எடுத்து, காலியான இடத்தைத் தாண்டி, இருபதை எடுத்து. கால் பாட்டுக்கு நடந்திருக்கும்.

ஜூன் 21, சனி

விடிந்ததும் பென்சில் எழுத்தையெல்லாம் ரப்பரால் அழித்தேன். அழுத்தி எழுதியிருக்கிறேன். 'அப்பா' மூன்று இடத்திலும் தடமாகத் தெரிகிறது.

முதலாளி தனியாக இருப்பார் என்றுதான் சீக்கிரம் போனேன். எல்லோரும் இருந்தார்கள். தாளை அவர் மேசையில் வைத்தேன்.

"என்ன இது?"

"பத்தொம்போது."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் எடுத்தேன். வேஸ்ட்டுன்னு நெனச்சு. அக்கா மேல தப்பு இல்ல."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கட்டிங் மிஷின் நின்றுவிட்டது.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்கு எடுத்தே?"

"படிக்க."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? வாய் இருக்குல்ல?"



அக்காவை அவர் இருக்கச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மாதம் கழிவு கூட்டுகிற வேலையும் சேர்த்து. அந்தப் பிரதியை நானே பிரித்து, தாளை மடித்துச் செருகி, தைத்தேன். முதுகில் படிக்கட்டு முழுதாகிவிட்டது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நேத்து நான் அப்படிப் புலம்பறப்போ உனக்குத் தெரியும், இல்ல?"

தலையாட்டினேன்.

ஜூன் 23, திங்கள்

மதியம் அக்கா ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். எனக்கு எதிரே யாரும் இல்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும்.

ஜூன் 25, புதன்

இப்போது யாரும் என்னைச் சைலண்டு என்று கூப்பிடுவதில்லை. அது இருந்தாலே தேவலை என்றிருக்கிறது.

அம்மா கேட்டாள், "சோறு அப்படியே திரும்பி வருதே, ஏன்?" முழுக்கச் சொன்னேன். "அவ வந்து பேசுவான்னு காத்துட்டு இருக்கியா?" என்றாள். டப்பாவைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "காத்துட்டே இருக்கறது நல்ல பழக்கம் இல்லடி."

ஜூன் 26, வியாழன்

மதிய மணி அடித்தது. அக்கா ஜன்னல் பக்கம் போனாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் போய் எதிரே நின்றேன். "அக்கா, தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். பயந்துட்டேன்."

அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போ என்று சொன்னால் போய்விடலாம் என்று நின்றேன். சொல்லவில்லை. என் கால் பக்கத்தில் கிடந்த தாள் கட்டை மட்டும் ஓரமாகத் தள்ளினாள்.

உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.