குளியலகத்து வாசலில் காவல்

கினுயோவுக்கு,

அகிதாவில் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனியைத் தள்ளக் கூரைமேல் நீ ஏறாதே, பக்கத்து வீட்டு மொரிட்டாவைக் கூப்பிடு. நான் நலம்.

வேலைக்கு வந்த இந்த நகரத்தில் நான் குளிக்கப் போகும் பொதுக் குளியலகத்தை இடிக்கிறார்கள். தீயணைப்பு வண்டி நுழையக் குறுகலான தெருவை அகலமாக்க வேண்டுமாம். வார்டு கூட்டத்தில் எழுந்து, "வண்டி என்னிக்கோ ஒருநாள் வரும். நாங்க தினம் குளிக்கணுமே" என்றேன். அதிகாரி, "தாத்தா, உங்க குடியிருப்புப் பதிவு அகிதாவுலதான் இருக்கு. இங்க உள்ளவங்க பேசட்டும்" என்று உட்கார வைத்துவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்க்கும் காவல் கம்பெனி என்னையே அந்த வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. சிவப்பு விளக்குக் கோலோடு நின்று, போவோர் வருவோரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நேற்று ஒரு கிழவியிடம், "இடைஞ்சலுக்கு மன்னிக்கணும்" என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

"சுவருக்கு அந்தப் பக்கம், ஆம்பளைங்க தொட்டியில பாடுற குரல் இதுதானே? மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன். உங்க குளியலகத்த நீங்களே காவல் காத்து இடிக்கிறீங்களாக்கும்."

நான் மறுபடி குனிந்தேன். வேறென்ன செய்ய?

தங்குமிடத்தில் ஷவர் மட்டும்தான். நின்றுகொண்டு குளிப்பதெல்லாம் குளியலா? தடித்த காலுறை இரண்டு அனுப்பு. வீட்டுத் தொட்டியை மாற்றலாம் என்று மகன் சொன்னால், நான் வரும்வரை தொடக்கூடாது என்று சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய், விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இடிபாடு ஏற்ற லாரி வந்துவிட்டது. போய்க் குனிய வேண்டும்.

தொகுஜி