பிரேக் எட்டாத வண்டி

ஸஹ்ரான்,

அசந்து தூங்குறீங்க, அதான் எழுப்பல. சட்டியில மீன் சோறு இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. மேல் வீட்டுக்காரர் ஏணி கேட்டு வருவார். நேத்து நாம போட்ட சத்தம் அவர் காதுலயும் விழுந்திருக்கும், சிரிச்சு மழுப்பிடுங்க.

கல்ஃபான் விக்கிற அந்தப் பெரிய ஜீப் மணல் மேடு ஏறும், காட்டாத்துத் தண்ணியிலயும் நிக்காதுன்னு நீங்க சொல்றது சரிதான். ஆனா மாசத்துல பாதி நாள் நீங்க எண்ணெய் வயல்ல இருக்கீங்க. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நிஸ்வா ரோட்டுல ஓட்டப்போறது நான். அதுல உக்காந்தா எனக்கு பிரேக் எட்டல. அதைச் சொன்னதுக்குத்தானே, "அப்போ பொம்மைக் கார் வாங்கிக்க"ன்னீங்க? இன்னும் வலிக்குது.

பழைய காரை எடுத்துக்கிட்டு கல்ஃபான் வீட்டுக்குத்தான் போறேன்.

ஷம்ஸா

பி.கு.: ஜீப்போட தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்க்கணும். சேத்து வாடை அடிச்சா வெள்ளத்துல மூழ்கின வண்டி. அப்படின்னா வேணவே வேணாம்.

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: முன்னறையில ஒரு திண்டு குறையும், தேடாதீங்க. முதுகுக்குப் பின்னால அதை வச்சா, உங்க வண்டியில என் கால் எட்டுதான்னு பார்க்கத்தான் எடுத்துட்டுப் போறேன்.